கேலனுக்குப் பதினொன்று

இரண்டு லட்சத்து எண்பத்தேழாயிரம் மைல்
ஓடிய சபர்பன்.
மொன்டானாவின் வடக்கு விளிம்பில்
நாளுக்கு நூற்றுப் பன்னிரண்டு மைல் தபால் சுற்று,
வாரம் ஆறு நாள்.
ஒப்பந்தப்படி பெட்ரோல் என் தலையில்.

நான் ஓட்டுவேன்.
வலப்பக்கம் ஆர்லிஸ்
ஜன்னலை இறக்கிப் பெட்டியில் கடிதம் போட்டு
ஜன்னலை ஏற்றுவாள்.

கேலனுக்குப் பதினாறு தந்தது
பதினான்கானது, பதின்மூன்றானது.
இந்த ஜனவரியில் பதினொன்று.
விதைக் கம்பெனி இலவசமாய்த் தந்த நோட்டில்
மைல், கேலன், டாலர் என மூன்று பத்தி இழுத்து
ஒவ்வொரு முறையும் எழுதினேன்,
எழுதினால் வண்டி வெட்கப்பட்டுத் திருந்தும் என்பதுபோல.

காற்று வடிகட்டியைத் திறந்தால் சுண்டெலிக் கூடு.
யாருக்கோ போயிருக்க வேண்டிய
துணிக்கடைப் பட்டியலின் கிழிசல்கள் அதில்.
அகப்பட்டாய் என்றேன்.
புதிது போட்டேன்.
பதினொன்றே கால்.

ஸ்பார்க் பிளக் எட்டு.
கடைசி ஒன்று, பின்சுவரோரம் ஒளிந்திருப்பது,
என் முழங்கைத் தோலைக் கேட்டது. கொடுத்தேன்.
ஆக்சிஜன் சென்சார் இரண்டு.
உதிரிபாகக் கடை டெரில்
"இந்த வயசில் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்" என்று
வண்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பிரேக் பிடித்து இழுக்கிறதோ என்று
சுற்று முடிந்ததும் பனியில் மண்டியிட்டு
நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
எதிலும் சூடில்லை.
பங்க்காரன் மேல் சந்தேகம் வந்து
ஐந்து கேலன் கேனில் பிடித்து அளந்தேன்.
அவன் யோக்கியன்.

பிறகு பாரம் குறைத்தேன்.
மணல் மூட்டை இரண்டு, சங்கிலி, கூரைக் கம்பி,
ஆர்லிஸ் காலடியில் விரித்திருந்த ஆட்டுத்தோல்.
நான்கு பவுண்டு இருந்தது. நிறுத்துப் பார்த்தேன்.

அவள் மூன்று குளிர்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:
கால் விறைக்கிறது, ஹீட்டரில் சூடே வரவில்லை.
நூற்று எண்பது முறை ஜன்னலைத் திறந்தால்
விறைக்காமல் என்ன செய்யும் என்றேன்.
மூன்று குளிர்காலமும் அதையே சொன்னேன்.

பிப்ரவரியில் அவள் காய்ச்சலில் படுத்தாள்.
அவள் தங்கை மகன் வெஸ்டன் ஓட்ட,
அவள் இருக்கையில் நான்.
நாற்பதாவது பெட்டிக்குள்
என் கால்விரல்கள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன.
ஹோல்வர்சன் பண்ணை தாண்டினால்
ஒன்பது மைலுக்குப் பெட்டி கிடையாது.
ஜன்னல் ஏற்றியே இருந்தது.
ஹீட்டர் வாயில் கை வைத்தேன்.
நிலவறைக் காற்று.

அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கையில்தான்
எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி கண்ணில் பட்டது.
கால்வாசியில் படுத்திருந்தது.
பல நாளாய் அங்கேதான் கிடந்தது.
"இத்தனை மைலுக்கும் ஒருதரம் கொதித்ததில்லை" என்று
டெரிலிடம் நானே பீற்றியிருக்கிறேன்.

தெர்மோஸ்டாட்.
திறந்த வாயை மூட மறந்த சின்னப் பித்தளை.
எஞ்சின் எப்போதும்
இப்போதுதான் கண் விழித்ததாக நினைத்துக்கொண்டு
குளிர்கிறது, இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்றிருக்கிறது.
கம்ப்யூட்டர் ஊற்றியிருக்கிறது.
அதுவாவது சொன்னதைக் கேட்டது.

பதினெட்டு டாலர். இரண்டு போல்ட்.
அரை வாளி பச்சைத் தண்ணீர் ஷெட் தரையில்.

பதினாறு திரும்பவில்லை.
பதினான்கே முக்கால்.
மீதி வயசு என்று வைத்துக்கொண்டேன்.

ஆர்லிஸ் திரும்பி வந்த திங்கட்கிழமை
ஆட்டுத்தோலை விரித்து வைத்திருந்தேன்.
பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
ஹோல்வர்சன் பண்ணைக்கு முன்பே
பூட்ஸைக் கழற்றினாள், பிறகு காலுறையை.
மன்னிப்புக்கு நான் தயாரித்த வாக்கியம்
தொண்டையில் கியர் மாற்றிக்கொண்டிருந்தது.

"ரொம்பச் சூடு. கொஞ்சம் குறை" என்றாள்.

குறைத்தேன்.